தலைகீழாகத் தொங்கும் கூடை: தெமோதரையிலிருந்து சில கேள்விகள்

தெமோதரை ரயில் நிலையத்துக்கு வரும் உல்லாசப் பயணிகள் ரயிலைவிடப் பாதையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். எல்ல பக்கமிருந்து வரும் ரயில் நிலையத்தில் நின்று புறப்படும். மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து பதுளைக்குப் போகும். 1924 இல் பாதை பதுளையை எட்டியது. நூறு ஆண்டுகள் கடந்தும் இந்தச் சுற்றைப் பார்த்து வியக்காதவர் இல்லை.

இந்த வடிவம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். உயர வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது என்று பொறியியலாளர் ஒருவர் திகைத்து நின்றாராம். அப்போது பக்கத்தில் நின்ற கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்ததும் பொறியியலாளருக்கு வழி புலப்பட்டதாம். நடந்ததோ இல்லையோ, சிறுவயதில் இருந்து இந்தக் கதையைக் கேட்டு வருகிறேன். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தக் கங்காணியின் பெயரைச் சொன்னதில்லை.

நான் பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். 1983 ஆடிக்குப் பிறகு எங்கள் குடும்பம் வவுனியாவுக்கும் பின்னர் கிளிநொச்சிக்கும் போனது. வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களுக்கு என்ன நடந்ததோ அதுவே எங்களுக்கும் நடந்தது. 2009 இல் கையில் ஒரு பையுடன் மெனிக் பாமுக்குள் போனோம். அம்மாவின் அக்கா மட்டும் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். 38 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவரைப் பார்க்க இந்த ஆண்டு போனபோது நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எல்ல பக்கம் ஒரு தேநீர்க் கடைக்குப் பெரியம்மாவை அழைத்துப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் தோட்டத்துச் சாமான் அறையாக இருந்த கல் கட்டடம் அது. சுவரின் காரையை உரித்துக் கல்லைத் தெரியவிட்டிருந்தார்கள். பழைய தேயிலைப் பெட்டிகள் முக்காலிகளாக இருந்தன. எனாமல் கோப்பைகளில் பூ வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் விற்பனைக்கென்று விளக்குகள், கூடைகள், துணிகள். பெரியம்மா நெடுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது கொழுந்துக் கூடதானே? ஏன் தலகீழா மாட்டியிருக்காங்க?"

கூடைக்குள் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த அட்டையில் விலையும் வடிவமைப்பு நிறுவனத்தின் பெயரும் இருந்தன. விலை, பெரியம்மா வேலை செய்த காலத்தில் பத்து நாள் பேருக்கும் மேல் வரும். பின்னியவர் யார் என்று எதுவும் எழுதப்படவில்லை.

கூடை ஏன் அப்படி இருக்கிறது

அன்று பெரியம்மா சொல்லித்தான் கூடையின் நுட்பம் எனக்குப் புரிந்தது. அதன் பின்னலில் இடைவெளி விடுவது அழகுக்காக அல்ல. பறித்த கொழுந்து உயிருள்ளது, மூச்சு விடும், சூடாகும். காற்றில்லாமல் அமுக்கி வைத்தால் வெந்து சிவந்துவிடும். அப்படிப்பட்ட கொழுந்தில் நல்ல தேயிலை வராது. கயிறு வாயை இழுப்பதால் வாய்ப்பகுதியை இரட்டிப்பாகச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். முதுகில் படியும் பக்கத்தில் முள் நீட்டாமல் மூங்கிலைச் சீவியிருப்பார்கள். கூடையின் பாரம் தலையில் போட்ட கயிற்றில் இறங்குவதால் இரண்டு கைகளும் பறிக்க விடுபட்டிருக்கும்.

வடிவமைப்பு என்றால் இதுதான். ஒரு வேலையை, ஒரு உடலை, ஒரு பொருளின் குணத்தை அறிந்து வடிவம் கொடுப்பது. கல்லூரியில் படித்தவர் செய்தால் அதை வடிவமைப்பு என்கிறோம். லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த தாத்தா செய்தால் கூடை பின்னுதல் என்கிறோம். இன்று பல தோட்டங்களில் மூங்கில் கூடைக்குப் பதிலாக நைலோன் சாக்குகள் வந்துவிட்டன. கூடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கலைப்பொருளாகியிருக்கிறது.

தேயிலைப் பெட்டியும் அப்படித்தான். தகர விளிம்பு அடித்த அந்தப் பலகைப் பெட்டிகளின் இடத்தைக் காகிதச் சாக்குகள் பிடித்துக்கொண்டன. ஆனால், பெட்டியை வேறு தேவைக்குப் பயன்படுத்தும் யோசனை இன்றைய கடைக்காரர்களுக்கு முதலில் வந்ததல்ல. எங்கள் காம்பராவில் உடைந்த தேயிலைப் பெட்டிதான் சாமித் தட்டு. இன்னொன்று என் புத்தகப் பெட்டி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சாக்கைத் திரையாக்கி அறை பிரித்தவர்களும், இஸ்தோப்பை அடைத்து அடுப்படி ஆக்கியவர்களும் மீள்பயன்பாட்டை யாரிடமும் கற்கவில்லை.

ஸ்டோர் எப்படி ஹோட்டல் ஆனது

பழைய கட்டடத்தை இடிக்காமல் புதிய பயன்பாட்டுக்கு மாற்றுவது உலகெங்கும் நடக்கிறது. மின் நிலையங்கள் கலைக்கூடங்கள் ஆகியிருக்கின்றன, நெசவாலைகள் கடைத்தொகுதிகள் ஆகியிருக்கின்றன. மலையகத்தில் இதற்கு மிகவும் தோதான கட்டடம் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்து மக்கள் இதை 'ஸ்டோர்' என்பார்கள்.

அது ஏன் தோதானது என்பதற்கு விடை தேயிலை தயாராகும் முறையில் இருக்கிறது. பறித்த கொழுந்தை முதலில் வாட்ட வேண்டும். பல மணிநேரம் காற்றில் பரப்பி ஈரத்தைக் குறைக்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்டோரின் மேல்மாடிகள் நீண்ட மண்டபங்களாக, சுவர் நெடுகிலும் ஜன்னல்களுடன் கட்டப்பட்டன. வாடிய கொழுந்து கீழ்த்தளத்துக்கு இறக்கப்பட்டு உருட்டப்படும். பின்னர் நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். கொழுந்துக்கு வேண்டிய காற்றும் வெளிச்சமும் கண்காட்சிக்கும் விருந்தினர் அறைக்கும் வேண்டியவைதான். தோட்டங்கள் இணைக்கப்பட்டு, வேலை பெரிய ஸ்டோர்களுக்கு மாற்றப்பட்டபோது பல ஸ்டோர்கள் வெறுமையாகின.

நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளையில் உள்ள ஹெதர்செட் தொழிற்சாலை அவற்றில் ஒன்று. அது 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாடிய மாடிகள் விருந்தினர் அறைகளாகின. பழைய இயந்திரத்தையும் இரும்புத் தூண்களையும் ஜன்னல் வரிசையையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். விரும்பும் விருந்தினர் கொழுந்து பறிப்பவர்போல உடுத்துக் கொஞ்சம் பறித்து, அதைத் தேயிலையாக்கிக் கொண்டுபோகலாம். கட்டடக்கலை என்று பார்த்தால் இது மிக நல்ல வேலை. இடிந்து விழவேண்டிய கட்டடம் உயிரோடு நிற்கிறது.

கண்டி ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட தொழிற்சாலை, நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்து, 2001 இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களும், 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் அங்கே இருக்கின்றன. டெய்லரின் பெயரைத் தெரியாதவர் இல்லை. அவரோடு அந்த நிலத்தில் நின்றவர்களின் பெயரைத் தெரிந்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்ட இடமும் ஒன்று உண்டு. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக மாற்றினார்கள். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அது. தொழிற்கருவிகள், வீட்டுப் பாவனைப் பொருட்கள், ஆவணங்கள் என்று தொழிலாளர் வாழ்க்கையே அங்கே காட்சிப்பொருள். அவை யாருக்குச் சொந்தமானவையோ அவர்கள் வாழ்ந்த அதே அளவு அறையில் இருக்கின்றன. ஹந்தானையின் உயர்ந்த மாடியில் ஒரு கூடையைப் பார்ப்பதும், தாழ்ந்த கூரையுள்ள காம்பராவில் அதே கூடையைப் பார்ப்பதும் ஒன்றல்ல. அங்கே கூடையோடு அந்த அறையும் சேர்ந்து பேசுகிறது.

மற்றொரு ஸ்டோர்

ஸ்டோர்களுக்கு இன்னொரு விதமான மறுபயன்பாடும் இருந்தது. அதைப் பற்றி வடிவமைப்புச் சஞ்சிகைகள் எழுதுவதில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை, இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் தங்கினார்கள். பின்னர் மாகல்தெனியவில் இயங்காமல் கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். புதிய வீடுகள் 2016 இல் கையளிக்கப்படும் வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பல குடும்பங்களுக்கு அந்த ஸ்டோர்தான் வீடு.

கந்தப்பளையிலும் மாகல்தெனியவிலும் ஒரே வகைக் கட்டடம். இரண்டிலும் மண்டபங்களை அறைகளாகப் பிரித்து மனிதர்கள் படுத்தார்கள். ஒன்றில் மலையைப் பார்ப்பதற்காகக் காசு கொடுத்துப் படுத்தார்கள். மற்றதில் மலைக்குப் பயந்து படுத்தார்கள்.

இதை வாசிக்கும் வடக்குக் கிழக்கு வாசகர்களுக்கு இரண்டாவது அனுபவத்தை விளக்கத் தேவையில்லை. வகுப்பறை முகாமானதையும், முகாமாக இருந்த வீடு காணி விடுவிப்புக்குப் பிறகு அடையாளம் தெரியாமல் திரும்பி வந்ததையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். பாடசாலை மேசைகளை அடுக்கிக் குடும்பத்துக்குக் குடும்பம் எல்லை போட்டவர்கள் நாங்கள். மீள்பயன்பாடு என்ற சொல் எங்கள் வாழ்க்கைக்குப் பிறகுதான் எங்களிடம் வந்தது.

ஜாம் போத்தலும் சேலை மூட்டையும்

பொருட்களும் அப்படித்தான். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஜாம் போத்தல் விளக்கை அறிவார்கள். போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், போத்தலுக்குள்ளேயே நிற்கும் சிறு திரி. சுடர் உள்ளே எரிவதால் காற்று அணைக்காது, எண்ணெயும் கொஞ்சமே செலவாகும். மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணிய காலத்தில் ஒரு தலைமுறையே அந்த வெளிச்சத்தில் பரீட்சை எழுதியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 2009 இல், கலியாணத்துக்கு வாங்கிய கூறைச் சேலைகளைக்கூடக் கிழித்துத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு மூட்டையாக அடுக்கினார்கள்.

வேறு எந்த நாட்டிலாவது என்றால் அந்த ஜாம் போத்தல் ஒரு வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருந்திருக்கும். எங்களிடம் எத்தனை மிச்சமிருக்கின்றன? மின்சாரம் வந்ததும் எறிந்துவிட்டோம். வறுமையின் அடையாளத்தை யார் வைத்துக்கொள்வார்கள்?

பொருளைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, யார் சேர்க்கிறார்கள் என்பதும் முக்கியம். போர் முடிந்த பின் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் கைப்பற்றப்பட்ட படகுகளையும் கலங்களையும் இராணுவம் காட்சிக்கு வைத்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தார்கள். அங்கே பொருளும் இருந்தது, இடமும் இருந்தது, விளக்கப் பலகையும் இருந்தது. அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் குரல் மட்டும் இல்லை.

இதற்கு மாறான முயற்சிகளும் நடந்தன. 2004 இல் யாழ். பொது நூலகத்தில் 'அகம் புறம்' கண்காட்சி நடந்தபோது, ஓவியர் தா. சனாதனன் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து அன்றாடப் பொருட்களைச் சேகரித்து அங்கே வைத்தார். 1981 இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட நூலகத்தில், புத்தகங்களுக்குப் பதிலாக வீடுகளின் சிறு பொருட்கள் வரலாறாக நின்றன. 2011 இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு 'பூர்த்தியாகாத தோம்பு' என்று பொருள்படும். இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதன் பக்கத்தில் ஒழுங்கான கட்டட வரைபடமும் அவரது ஓவியமும் வைக்கப்பட்டன. வீடு இல்லாதவர்களிடம் வீட்டின் வடிவம் இருந்தது.

கொழும்பு கொம்பனித்தெருவில், தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான ரியோ திரையரங்கும் ஹோட்டலும் 1983 ஜூலையில் எரிக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கரிந்த அறைகளில் கொழும்பஸ்கோப் கலைவிழா நடந்தது. சுவரை வெள்ளையடித்து மறைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் படைப்பையும் கரியையும் ஒன்றாகவே பார்க்க நேர்ந்தது.

மலையகத்திலிருந்தும் புதிய தலைமுறைக் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேயிலைக் கறையையும் தன் படைப்புக்குப் பொருளாக்கினார். குடித்துவிட்டு எறியும் பையில் லயத்து வாழ்க்கை தெரிகிறது. எல்லவில் கண்ட விளக்கும் தோட்டத்துப் பொருளால் ஆனது, ஹனுஷாவின் படைப்பும் தோட்டத்துப் பொருளால் ஆனது. ஒன்றில் தோட்டம் அலங்காரம். மற்றதில் தோட்டமே பேசுகிறது.

பேர் போடுதல்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். செக்றோலில் பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்', பாதிச் சம்பளம். "இன்னைக்குப் பேர் இல்ல" என்றால் அன்று அந்த மனுஷி உழைக்கவே இல்லை என்று கணக்கு.

காட்சிக்கு வைத்திருக்கும் பொருட்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. பின்னியவருக்குப் பேர் விழவில்லை. பெயர் தெரியாவிட்டால் தோட்டத்தின் பெயரையாவது போடலாம், என்ன வேலைக்கு எப்படிப் பயன்பட்டது என்றாவது எழுதலாம். அதையும் எழுதாவிட்டால் அரைப்பேர்கூட இல்லை.

பழைய ஸ்டோர்களை இடியுங்கள் என்றோ, தேநீர்க் கடைகளை மூடுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். அந்தச் சம்பளம் பல வீடுகளில் அடுப்பெரிக்கிறது. ஆனால், ஒரு பழைய கட்டடம் புதிய காட்சிக்கூடமாகும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதில் முன்பு யார் வேலை செய்தார்கள், யார் வாழ்ந்தார்கள் என்று சுவரில் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறதா? இங்கே விற்கும் பொருளின் வடிவம் யாருடைய அறிவிலிருந்து வந்தது, அவருக்கோ அவருடைய ஊருக்கோ அதில் பங்கு உண்டா? அந்தப் பொருளுக்குரியவர்கள் உள்ளே வந்தால் விருந்தாளியாக உட்கார முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு அன்று பாதி விடை கிடைத்தது. தேநீர் கொண்டுவந்த பையன் பெரியம்மா கூடையைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டான். "எங்க அப்பாயியும் கொழுந்துக்குப் போனவங்கதான்" என்றான். பெரியம்மா அவனிடம் கூடையின் வாய்ப்பக்கம் எது, கயிறு எங்கே விழும் என்று கையால் காட்டிக்கொடுத்தார். கடைக்குப் பொறுப்பானவரிடம், விளக்கின் அட்டையில் இது கொழுந்துக் கூடை என்றாவது ஒரு வரி எழுதலாமே என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். எழுதினார்களா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது பெரியம்மா வீட்டுக் கோழிக் கூடையைக் காட்டினார். கோழியை மூடி வைக்கும் அந்தக் கூடையும் ஒரு பழைய கொழுந்துக் கூடைதான். விளிம்பு ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது.

"இதப் பின்னுனவரு பேரு தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியும் என்றார். சொல்லவும் சொன்னார். கடைசிக் காம்பராத் தாத்தா என்றே இத்தனை காலமும் நான் அறிந்திருந்தவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அவரது குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டில் எங்கோ இருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் அந்தப் பெயரை இங்கே போட எனக்கு உரிமை இல்லை. என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கூடையை எடுத்துப் போகட்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

"கோழிய எதுல மூடுறது?" என்றார்.